மூன்று வளைவுப் பெருமூச்சு

தும்பிமேட்டில் யாரும் பெருமூச்சை வீட்டுக்குள் விடமாட்டார்கள். அடுப்படியில் நிற்கும்போது வந்தாலும் சரி, ஏலச்செடிகளுக்கு நடுவே குனிந்திருக்கும்போது வந்தாலும் சரி, பல்லைக் கடித்துத் தொண்டைக்குள்ளேயே நிறுத்தி, ஈரத்துணியில் முடிந்த பூவை வாடவிடாமல் கொண்டுபோவதுபோலக் கொண்டுபோய், குருவம்மாவின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, நாக்குத்தள்ளி ஏற்றம் வந்த பிறகுதான் விடுவார்கள். இது எப்போது தொடங்கியது என்று கேட்டால், குருவம்மா தன் வண்டிக்கு டர்போ மாட்டிய வருஷத்தில் என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லும்.

மேற்குமலையில், போடிப் பக்கமிருந்து அண்ணாந்து பார்த்தால், பாறைக்கும் மேகத்துக்கும் நடுவில் ஒட்டவைத்த குளவிக்கூடு போலத் தெரியும் ஊர் அது. அடிவாரத்திலிருந்து அங்கே போகும் மண்பாதை முக்கால்வாசித் தூரம் நல்ல பிள்ளையாகத்தான் போகும். கடைசியில், பொறுத்தது போதும் என்பதுபோல, ஐந்து வளைவுகளோடு செங்குத்தாக நிமிர்ந்து நின்றுகொள்ளும். அந்த இடத்துக்குத்தான் நாக்குத்தள்ளி என்று பெயர். மாடு அங்கே நாக்குத் தள்ளியது, மனிதன் தள்ளினான், ஜீப் வந்த பிறகு ஜீப்பும் தள்ளியது. நாக்குத்தள்ளி வந்ததும் ஆண்கள் குதித்து இறங்கிப் பின்னால் தோள் கொடுப்பதும், பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடப்பதும், கைப்பிள்ளைக்காரி மட்டும் உள்ளே இருப்பதும் யாரும் சொல்லாமலே நடக்கிற காரியங்கள்.

ரேஷன் கடையோ அடிவாரத்தில் இருந்தது. மாதம் பிறந்தால் ஊரே திரண்டு இறங்கி, அரிசியை வாங்கித் தலையில் வைத்து, வந்த வழியே ஏறும். மழையென்றால் அரிசி நனையும், வெயிலென்றால் தலை நனையும். ஜீப்பில் ஏற்றினால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஏற்றம் வந்தால் ஆள் இறங்கி நடப்பான், மூட்டை இறங்கி நடக்குமா என்று தும்பிமேட்டுக்காரர்கள் திருப்பிக் கேட்பார்கள்.

ஒரே ஒருமுறை, மேலேயே கடை வைத்துத் தருகிறோம், ஆனால் மூட்டை ஏற்றிய வண்டி நாக்குத்தள்ளியில் நிற்காமல் ஏறிக் காட்ட வேண்டும் என்று ஓர் அதிகாரி சொன்னார். குருவம்மாவின் புருஷன் சடையாண்டி தன் ஜீப்பில் மூட்டைகளை அடுக்கி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, வெள்ளோட்டம் விட்டான். மூன்றாம் வளைவில் சக்கரம் நின்றது. அதிகாரி இறங்கி, "வண்டி நின்னுருச்சு" என்று சொல்லிவிட்டுக் கீழே நடந்து போனார்.

ஊர் சடையாண்டியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவனை அரித்தது. தலையில் அரிசியோடு பேசிக்கொண்டு வருகிற சனம், அவன் வீட்டு வாசல் வந்ததும் பேச்சை நிறுத்தி, கடந்து போனதும் மறுபடி பேசத் தொடங்கும். மாதம்தோறும் வாசலில் விழுந்து எழுந்த அந்த மௌனத்தைக் கேட்டுக் கேட்டு மெலிந்தவன், ஒரு மத்தியானம் நாக்குத்தள்ளியின் அடியில் வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்தான், பிறகு எடுக்கவில்லை. குருவம்மா அழுது முடித்து, தலை முழுகி, அதே ஜீப்பில் ஏறி உட்கார்ந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: இன்னொரு வெள்ளோட்டம் நடக்க வேண்டும், அதில் இந்த வண்டி நிற்காமல் ஏற வேண்டும்.

ஏற்றத்தின் உச்சியில் டீக்கடை வைத்திருந்த மொக்கையன், இரைத்துக்கொண்டு வந்து நிற்கும் வண்டியைப் பார்த்து நாள் தவறாமல் சொல்லுவான்: "எஞ்சினு நெஞ்சுல கொஞ்சம் தைலம் தேச்சு விடு தாயி, இழுப்பு நிக்கட்டும்." குருவம்மா டீயைக் குடித்துவிட்டு, "உன் டீயக் குடிச்சுட்டு நானே உசுரோட இருக்கேன், அது இருக்காதா?" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். ஆனாலும் உள்ளே தைக்கும்.

ஒருநாள் வண்டியைப் போடியில் சிக்கந்தரின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். சிக்கந்தர் பானெட்டைத் தூக்கி, காதை வைத்து, கொஞ்ச நேரம் எஞ்சின் பேசுவதைக் கேட்டார்.

"சீக்கு ஒண்ணுமில்லக்கா. மூச்சுதான் பத்தல. மேல போகப் போகக் காத்து மெலிஞ்சு போகுதுல்ல, எம்புட்டு டீசல் குடுத்தாலும் அத எரிக்கக் காத்து வேணுமே."

"காத்துக்கு நான் எங்கிட்டுப் போறது பாய்?"

"எங்கிட்டும் போக வேணாம். டர்போ மாட்டிருவோம். வீணாப் போறதத் திருப்பிவிடுற வேலதான் அது. பொகக்கொழாயில சூடா வெளிய ஓடுதுல்ல, அது ஒரு சின்னச் சக்கரத்தச் சுத்தும். அதே தண்டுல இந்தப் பக்கம் இன்னொரு சக்கரம். அது புதுக்காத்த வாரி அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். வெளிய போற மூச்சே உள்ள வர்ற மூச்சக் கையப் புடிச்சுக் கூட்டியாந்து விடும்."

குருவம்மா ஸ்டியரிங்கில் சடையாண்டி தலை சாய்த்த இடத்தைக் கையால் துடைத்தாள். பிறகு, "வெளிய போற மூச்சுக்கு இம்புட்டுத் தெம்பு இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே பாய்," என்றாள்.

ஓடி ஓய்ந்த வேன் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போ சிக்கந்தரிடம் இருந்தது. நத்தை ஓடு போலச் சுருண்ட இரும்பு, உள்ளே விரலால் தொட்டால் சிலிர்த்துச் சுழலும் சக்கரம். அதை உட்காரவைக்கப் புகை வெளியேறும் பாதையை வெட்டி, வேறு வளைத்து, வெல்டிங் வைத்து, சக்கரத் தண்டு காயாமலிருக்க எஞ்சினிலிருந்து ஆயில் போக ஒரு குழாயும் வர ஒரு குழாயும் இழுத்து, காற்றுக்குப் புது ரப்பர்க் குழாய் போட்டுக் கிளாம்ப் இறுக்கி, டீசல் பம்பை ஒரு மயிரிழை கூட்டிவைத்து, அவர் வண்டியைத் தந்தபோது குருவம்மாவுக்கு அது பிரசவம் முடிந்து வீடு திரும்பும் மகளைப் போலத் தெரிந்தது.

"ஏத்தம் ஏறி வந்த கையோட அணச்சுராதீகக்கா. வெத்தல போட்டுத் துப்புற நேரம் சும்மா ஓடவிடுங்க, சக்கரம் சூடு ஆறட்டும்," என்று சிக்கந்தர் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் தோட்ட வேலை முடிந்து திரும்பும் பெண்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். அடிப்பாதையில் வண்டி கன்றுக்குட்டியாய்த் துள்ளியது. நாக்குத்தள்ளி வந்ததும் பழைய கதைதான். வேகம் விழுந்தது, வேகம் விழுந்ததால் சக்கரம் அசந்தது, சக்கரம் அசந்ததால் வேகம் இன்னும் விழுந்தது. பெண்கள் பழக்கம் மாறாமல் சேலையைச் செருகத் தொடங்கினார்கள். முன்சீட்டில் இருந்த வெள்ளைத்தாயி, காலை வெளியே நீட்டியவள், யாருக்கும் எதுவும் சொல்லாமல், ஒரு பெருமூச்சு விட்டாள்.

அந்த மூச்சு வெளியே போகவில்லை. டேஷ்போர்டைத் தாண்டி, பானெட்டுக்குள் இறங்கி, நத்தை ஓட்டுக்குள் புகுந்தது. உள்ளிருந்து குயில் குரல் எடுப்பதுபோல ஒரு சீழ்க்கை கிளம்பியது. வண்டி, பின்னால் யாரோ தட்டிக்கொடுத்த மாதிரி முன்னே பாய்ந்து, ஒரு வளைவு, இரண்டு வளைவு, மூன்று வளைவு ஏறி, நான்காவதின் வாசலில்தான் தயங்கியது. அங்கே பின்சீட்டில் யாரோ ஒருத்திக்கு, தன் பங்குக்கு, ஒரு சின்ன மூச்சு வந்தது. மீதியும் ஏறிவிட்டது.

மொக்கையன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்தான். "என்னா குருவம்மா, ஒருத்தரும் எறங்கல போலிருக்கு?"

"எதுக்கு எறங்கணும்?" என்றாள் குருவம்மா. இரண்டே வார்த்தைதான். ஆனால் அதைச் சொல்ல அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்பது அந்த இரண்டு வார்த்தையிலும் இருந்தது. பிறகு வெற்றிலை போட்டுத் துப்பும் நேரம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டாள்.

பெருமூச்சில் வண்டி ஏறுகிறது என்ற சங்கதி, வெண்டைக்காய் முற்றிவிட்டது என்ற சங்கதியைப்போல, அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்து பழையதாகிவிட்டது. ஏன் ஏறுகிறது என்று கேட்டவர்கள் குறைவு. யாருடையது எவ்வளவு தூரம் ஏற்றும் என்பதில்தான் எல்லாருக்கும் அக்கறை. ஒரு வளைவு மூச்சு, ஒன்றரை வளைவு மூச்சு, இரண்டு வளைவு மூச்சு என்று அளவைகள் வந்தன. வெள்ளைத்தாயி மூன்று வளைவுக்காரி என்பதால், கோயில் கிடாவெட்டில் அவளுக்குத் தனி இலை போட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம், "பொண்ணோட அம்மா சாதாரணப்பட்டவக இல்ல, ரெண்டு வளவுக்காரவுக," என்று தரகர் சொன்னார். நேற்றுவரை துக்கத்தை முந்தானையில் மூடிக்கொண்டு திரிந்தவர்கள் இப்போது தலை நிமிர்ந்து வந்து, "நான் முன்னாடி உக்காரட்டுமா குருவம்மா, இன்னைக்கு எனக்குக் கொஞ்சம் கனமா இருக்கு," என்றார்கள். கனமாக இருப்பவர்களுக்கு முன்சீட்டு என்பது வழக்கமாயிற்று. எதற்காக விட்டாய் என்று மட்டும் யாரும் யாரையும் கேட்கக்கூடாது. தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டக்கூடாது. அதுவும் வழக்கமாயிற்று.

போலி மூச்சு செல்லுபடியாகவில்லை. வாலிபன் ஒருவன் முன்சீட்டு ஆசையில் நாடகத்தனமாக ஹூம் என்று இழுத்துவிட, எஞ்சினுக்கு விக்கல் எடுத்து, கரும்புகை கக்கி, எல்லாரும் இறங்கித் தள்ளும்படி ஆனது. அவனை ஊர் ரொம்ப நாள் விக்கல் என்றே கூப்பிட்டது. புருஷன்மார் அடுப்படியில் எட்டிப் பார்த்து, "ஏத்தா, இங்க விட்டு வீணாக்காத, காலைல வண்டியில விடு," என்று சொல்லத் தொடங்கினார்கள். பக்கத்து மலைகளிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். தும்பிமேட்டில் ஒரு வேலையும் இல்லாத வெளியூர்ப் பெரியவர் ஒருவர், துண்டால் முகத்தை மூடியபடி ஒரு நடை ஏறி, மேலே டீ குடித்து, நடந்தே இறங்கிப் போனார். போகும்போது அவர் நடையில் ஒரு மூட்டையை இறக்கிவைத்த ஆளின் சாயல் இருந்ததாக மொக்கையன் சொன்னான்.

ஏனென்றால், விட்ட மூச்சு திரும்பி வரவில்லை. வீட்டில் விட்ட பெருமூச்சு கூரையில் முட்டி அதே நெஞ்சில் வந்து விழும். வண்டியில் விட்டது வண்டியை ஏற்றிவிட்டுத் தீர்ந்து போயிற்று. ஊர் கொஞ்சம் கொஞ்சமாக இலேசானது. அதை யாரும் கவனிக்கவில்லை, குருவம்மா உட்பட. ஓட்டுகிறவளுக்குப் பாதையில்தான் கண். தன் பங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஆள் இறங்காமலே ஏறும் வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு, புதிதாக மாற்றலாகி வந்திருந்த உணவு வழங்கல் அதிகாரி கலியமூர்த்தி அடிவாரத்துக்கு வந்தார். மாயவரம் பக்கத்து ஆள். சமதரையில் பிறந்து வளர்ந்தவர்கள் மலையைப் பார்க்கும்போது வருகிற ஒரு சந்தேகம் அவர் முகத்தில் இருந்தது.

"பழைய உத்தரவு அப்படியேதான் இருக்கும்மா," என்றார். "மூட்டையோட ஏறணும். ஏற்றத்துல சக்கரம் ஒரு நொடி நின்னாலும் நின்னதுதான். நான் முன்னால உக்காந்து பார்ப்பேன். மூட்டையைப் பிடிச்சுக்க மூணு பேர் வரலாம், அதுக்கு மேல ஆகாது. நின்னுட்டா, மறுபடி இதைப் பத்தி யாரும் என்கிட்ட வராதீங்க."

"நிக்காது சார்," என்றாள் குருவம்மா. சொன்ன பிறகு, சடையாண்டியும் இதே இடத்தில் இதையே சொன்னது நினைவுக்கு வந்தது.

ஊர் கூடி மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தது. வெள்ளைத்தாயியைப் பற்றி இரண்டு பேச்சில்லை. கேரளத்து எஸ்டேட்டில் வாக்கப்பட்ட அவள் மகள், கல்யாணப் பேச்சில் வந்த சண்டைக்குப் பிறகு தாயின் வாசல் மிதித்ததில்லை. அடுத்து, எதிர்வீட்டிலேயே குடியிருக்கும் தம்பியோடு வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத மொக்கையன். இரண்டு வளைவு தாராளமாக ஏற்றுவான். மூன்றாவது, பழகிய பெண் கம்பத்துக்கு வாக்கப்பட்டுப் போனதிலிருந்து தாடி வளர்த்துக்கொண்டிருந்த சின்னமாயன். மூன்றும் இரண்டும் ஐந்து, சின்னமாயன் உபரி. கணக்குச் சரியாக இருந்தது.

தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. தும்பிமேட்டுக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டாத தவறு. ஊரின் துக்கங்களிலேயே பெரிய துக்கங்களைப் பொறுக்கி எடுத்தவர்கள், அவற்றை அனுப்பிவைப்பது எப்படி என்று யோசிக்கும்போது, பெருமை தாங்காமல் திருவிழா எடுத்துவிட்டார்கள். அன்று காலை அடிவாரத்தில் கொட்டுமேளம், ஜீப்புக்கு வாழைக்குலை, வெள்ளைத்தாயிக்கு ஊர்ப்பொதுவில் எடுத்த பச்சைப்பட்டு, மொக்கையனுக்குத் தலைப்பாகை, சின்னமாயனுக்குச் சவரம். தாயைப் பட்டுக்கட்டி ஊர்வலம் கூட்டிப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, எஸ்டேட்டிலிருந்து மகள் இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்று, "யம்மா," என்றாள். தலைப்பாகை கோணலாக இருக்கிறதே என்று பொறுக்கமாட்டாமல் மொக்கையனின் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "இதக்கூடக் கட்டத் தெரியாதாண்ணே உனக்கு," என்று அவிழ்த்துத் திருப்பிக் கட்டினான். சவரம் செய்த முகத்தோடு சின்னமாயன் வண்டியேறும்போது, மேளக்காரர் மகள் அவனைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டு, மறுபடி பார்த்தாள்.

குருவம்மா இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்தாள். வேறு மூன்று பேரை ஏற்றலாமா என்று கதவில் கை வைத்தாள். ஆனால் அதிகாரி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "போலாமா?" என்று கேட்டுவிட்டார்.

மூட்டை ஏற்றும்போதே முன்னால் நடந்துவிட்ட மேளமும் சனமும் நாக்குத்தள்ளியின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. அடிப்பாதையில் எடுத்து வந்த ஓட்டத்திலேயே முதல் வளைவு போயிற்று. இரண்டாவதில் எஞ்சின் குரல் கனத்தது. பின்னால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தவர்களைக் குருவம்மா கண்ணாடியில் பார்த்தாள்; கண்ணாலேயே கேட்டாள்.

"விடு மதினி!" என்றான் மொக்கையன் வெள்ளைத்தாயியிடம்.

"வரமாட்டேங்குது கொழுந்தா. பேரன் என் மூக்கப் புடிச்சு இழுத்தான் பாரு, அதேதான் நெனப்புல நிக்குது. சிரிப்பாணியா வருது."

"நீங்க விடுங்களேன்," என்றான் சின்னமாயன்.

"எங்கிட்டுடா விடுறது? அந்தப் பய பிள்ள தலப்பாவ இம்புட்டு இறுக்கிக் கட்டியிருக்கான். தம்பியா அவன்!" என்று மொக்கையன் சொல்லும்போதே குரல் பூரித்தது. "நீ அந்தப் பிள்ளைய நெனச்சுக்கடா!"

"எந்தப் பிள்ளையண்ணே?"

வெள்ளைத்தாயி வாயில் முந்தானையை வைத்து அமுக்கிக்கொண்டாள். அமுக்கியும் சிரிப்பு நிற்கவில்லை. மொக்கையன் அடக்கப் பார்த்து, முடியாமல், அரிசி மூட்டையின் மேல் குப்புற விழுந்து குலுங்கினான். அதிகாரி திரும்பிப் பார்த்தார்.

"எதை விடச் சொல்றாங்க?"

"பாட்டு சார். கூச்சப்படுறாக," என்றாள் குருவம்மா.

மூன்றாம் வளைவு. சடையாண்டி நின்ற வளைவு. வேகம் காட்டும் முள் இறங்கியது, சக்கரம் கூழாங்கல்லைக் கடித்துக் கடித்துத் துப்பியது, வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்து, தவழ்கிற வேகத்துக்கு வந்தது. இனி நான்தான் என்று குருவம்மா தனக்குள் கையை விட்டாள். இத்தனை காலமும் தொடாமல் வைத்திருக்கிறோம், ஊரில் யாருடையதைவிடவும் பெரிதாக இருக்கும், ஐந்து வளைவென்ன, மலையையே தூக்கும் என்று, ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்த அந்தத் தலையை நினைத்தாள். அவன் நெற்றி பட்டிருந்த இடத்தில் தன் கை இருந்தது. கை உறுதியாக இருந்தது. அவனை நினைத்த நெஞ்சில், பாருய்யா, நீ நின்ன எடத்துல நான் இன்னும் நிக்கல என்ற நிமிர்வு ஒன்றுதான் எழுந்தது. அதற்கு அடியில் துழாவினாள், வற்றிய கிணற்றில் வாளி தரையைத் தட்டுவதுபோலத் தட்டியது. ஒவ்வொரு நடையிலும், விட்டது தெரியாமலே, அதுவும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. துக்கம் தீர்ந்துபோனதை அவள் அறிந்த நேரம், அது அவளுக்கு வேண்டியிருந்த நேரமாக இருந்தது.

அதிகாரி கதவுக்கு வெளியே தலையை நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தார். அது இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அசைகிறது என்று உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. தலையை உள்ளே இழுத்தவர் பாதையோரத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். மேளக்காரர் வண்டிக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடியே அடிப்பதைப் பார்த்தார். பின்னால் திரும்பி, மூட்டைகளின் மேல் கண்ணில் நீர்வரச் சிரித்துக்கொண்டிருந்த மூன்று பேரையும் பார்த்தார்.

"நான் போற இடத்துல யாரும் சிரிச்சு நான் பார்த்ததில்லம்மா," என்றார் குருவம்மாவிடம், ஏதோ வழி கேட்பவர்போல. "என் தலை தெரிஞ்சாலே கடைக்காரன் முகம் சுருங்கும். வரிசையில நிக்கிறவன் முகமும் சுருங்கும். அது பழகிப்போச்சு. வீட்டுக்குப் போனாலும்..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அதற்குப் பதிலாக மூச்சை விட்டார்.

சமதரையின் மூச்சு அது. காவிரிப் படுகையின் அகலமும், மாற்றலாகி மாற்றலாகிப் போன ஊர்களின் வாடகை அறைகளும், ஒற்றைத் தட்டில் சாப்பிட்ட சாப்பாடுகளும் அதற்குள் இருந்தன. நத்தை ஓட்டுக்குள் அது இறங்கியபோது எழுந்த சீழ்க்கையைக் கேட்டு, மலையில் இருந்த பறவைகள் எல்லாம் ஒரு நொடி வாயை மூடிக்கொண்டன. மேளக்காரர் ஓரமாகத் தாவினார். வண்டி மூன்றாம் வளைவை விழுங்கியது, நான்காவதை விழுங்கியது, ஐந்தாவதை வளைவென்றே மதிக்கவில்லை. மொக்கையனின் டீக்கடையைக் கடந்து, கோயிலைக் கடந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கூச்சலைக் கடந்து, கடைக்கென்று ஊர் ஒதுக்கிவைத்த கட்டடத்தையும் கடந்து, பாதை முடிந்து பாறை தொடங்கும் இடத்தில்தான் நிற்க மனம் வந்து நின்றது.

கொஞ்ச நேரம் எஞ்சின் சும்மா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அஞ்சு வளவுக்கும் மேல," என்று வெள்ளைத்தாயி மெதுவாகச் சொன்னாள். மூன்று வளைவுக்காரியின் வாயிலிருந்து வந்த சொல் அது. பொறாமை இல்லாத பெரியவர்கள் வித்தை தெரிந்தவரைப் பார்க்கும் பார்வையோடு சொன்னாள்.

அதிகாரி இறங்கினார். ஓடி வந்த சனம் அவரைச் சுற்றி நின்று அவர் வாயையே பார்த்தது. கலியமூர்த்தி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, மலைக்கே சொல்வதுபோல உரக்கச் சொன்னார்:

"வண்டி நிக்கல."

மேளம் வெடித்தது. பிள்ளைகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். தலையில் சுமந்து சுமந்து உச்சி வழுக்கையான பெண்கள் அந்த உச்சியைத் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முதல் மூட்டையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வெள்ளைத்தாயி குருவம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சடையாண்டி வண்டி ஏறிருச்சுத்தா," என்றாள்.

"குருவம்மா வண்டி," என்றான் மொக்கையன், தலைப்பாகையை அவிழ்க்காமல். வண்டியை நாள் தவறாமல் கிண்டலடித்தவனே அதைச் சொன்னதால் அங்கிருந்த எல்லாருக்கும் அது உத்தரவாகிவிட்டது.

குருவம்மா எஞ்சினை அணைத்துவிட்டு, பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே காலியாக இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். சடையாண்டியின் முகம் இருந்தது, வலி இல்லாமல் இருந்தது. அதற்காகக் கொஞ்சம் வருந்தலாமா என்று யோசித்து, வருந்தவும் வரவில்லை என்று கண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

அதிகாரி டீ குடித்துவிட்டு வந்து ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், பானெட்டைப் பார்த்தார். மார்பை ஒருமுறை கையால் நீவிக்கொண்டார், சட்டைப்பையில் இருந்த எதையோ காணவில்லை என்பதுபோல.

"மூணாவது வளைவுல நின்னுடும்னே நினைச்சேன்," என்றார். "எப்படிம்மா ஏறுச்சு?"

சுற்றி நின்ற தும்பிமேட்டுக்காரர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. யாருடைய மூச்சைப் பற்றியும் யாரும் பேசக்கூடாது.

"டர்போ சார்," என்றாள் குருவம்மா.

"ஓ," என்றார். போகாமல் நின்றார். சட்டைக்கையை மடக்கிவிட்டுக்கொண்டார், மடக்கியதை இறக்கிவிட்டுக்கொண்டார். "கீழே இன்னும் மூட்டை இருக்கில்ல?"

"பாதி கெடக்கு சார். இப்பப் போயி ஏத்தியாந்துருவேன்."

"அப்ப நானும் வரேனே."

"வெள்ளோட்டந்தான் முடிஞ்சுபோச்சே சார். நீங்க சாப்புட்டு ஓய்வா இருங்க, கறி வேகுது."

"முடிஞ்சுபோச்சு," என்று அவர் ஒப்புக்கொண்டார். ஏற்றம் தொடங்கும் திசையைப் பார்த்தார். குரலை இறக்கி, கடைசிப் பந்தியில் இன்னொரு கரண்டி கேட்பவரைப்போல, "அந்த ஏற்றத்துல இன்னும் ஒரு நடை ஏறலாமாம்மா?" என்றார்.

எதற்கு என்று குருவம்மா கேட்கவில்லை. முந்தானையால் சீட்டில் சிந்திக்கிடந்த அரிசியைத் தட்டிவிட்டு, கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறுங்க சார்," என்றாள். "உங்களுக்கு எத்தன நட வேணுமோ, அத்தனையும் ஏறலாம்."